களக்காட்டுக்கு அருகில் உள்ள விமான நிலையம் எது?

திருநெல்வேலி மாவட்டத்தின் தென்மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ள களக்காட்டுக்கு எட்டும் தொலைவில் மூன்று விமான நிலையங்கள் இருக்கின்றன. நேர்கோட்டில் அளந்தால், கிழக்கே வாகைகுளத்தில் உள்ள தூத்துக்குடி விமான நிலையம் ஏறத்தாழ 58 கிலோமீட்டர், மேற்கே திருவனந்தபுரம் ஏறத்தாழ 70 கிலோமீட்டர், வடக்கே மதுரை ஏறத்தாழ 158 கிலோமீட்டர். சாலையில் செல்வோருக்கு இந்தக் கணக்கு உதவாது. வாகைகுளம் செல்ல நாங்குநேரி, பாளையங்கோட்டை வழியாக ஏறத்தாழ 75 கிலோமீட்டர் ஓட வேண்டும். நேர்கோட்டில் வாகைகுளத்தைவிட 12 கிலோமீட்டர் மட்டுமே தள்ளியிருக்கும் திருவனந்தபுரத்துக்கோ, பணகுடி, ஆரல்வாய்மொழி, நாகர்கோவில் என்று சுற்றிச் செல்வதால் பயணம் 110 கிலோமீட்டரைத் தாண்டிவிடும்.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் மலை. களக்காடும் திருவனந்தபுரம் விமான நிலையமும் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ எட்டரை பாகையில், கிட்டத்தட்ட ஒரே கிழக்கு மேற்குக் கோட்டில் அமைந்தவை. ஆனால் அவற்றுக்கு நடுவே 895 சதுர கிலோமீட்டர் மையப்பகுதி கொண்ட களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகமும், அகத்தியர் மலையின் 1,868 மீட்டர் உயரச் சிகரத்தைக் கொண்ட மலைத்தொடரும் நிற்கின்றன. தெற்கே ஆரல்வாய்மொழிக் கணவாய் அல்லது வடக்கே செங்கோட்டைக் கணவாய் வழியாகவே வண்டிகள் மறுபக்கம் போக முடியும். மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானம் அதே இடைவெளியை எட்டரை நிமிடத்தில் கடந்துவிடும். ஆக, தூரம் என்று ஒரே சொல்லால் குறிப்பிட்டாலும், நேர்கோட்டுத் தூரம், சாலைத் தூரம், பறக்கும் தூரம், பயண நேரம் என நான்கு வெவ்வேறு அளவுகள் அதற்குள் அடங்கியிருக்கின்றன. எந்த அளவை எடுத்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்தே எது அருகில், எது தொலைவில் என்ற விடையும் அமைகிறது.

இரண்டு விமான நிலையங்களுக்கு இடையேயான வான்வழித் தூரம் என்று அட்டவணைகள் தருவது, பூமியின் மேற்பரப்பில் அவ்விரண்டு இடங்களையும் இணைக்கும் மிகக் குறுகிய கோட்டின் நீளமாகும். பூமி உருண்டையாக இருப்பதால் அந்தக் கோடு உண்மையில் ஒரு வளைவு. பூமியின் மையத்தையும் இரண்டு ஊர்களையும் தொட்டுச் செல்லும் ஒரு தளத்தால் பூமியை வெட்டினால் மேற்பரப்பில் கிடைக்கும் வட்டத்தைப் பெருவட்டம் என்பர். அதில் இரண்டு ஊர்களுக்கும் இடைப்பட்ட சிறிய வில்லே வான்வழித் தூரம். வான்வழியிலும் கடல்வழியிலும் இதைக் கடல் மைலில் குறிப்பது வழக்கம். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர்; பெருவட்டத்தில் ஒரு பாகைக்கு ஏறத்தாழ 60 கடல் மைல் வருமாறு அமைந்த அளவு அது. மணிக்கு ஒரு கடல் மைல் வேகம் ஒரு நாட் எனப்படும்.

தமிழ்நாட்டுக்குள் அடங்கும் தூரங்களுக்குப் பள்ளிக் கணக்கே போதும். வாகைகுளம் வடக்கு அகலாங்கு 8.72 பாகையிலும் கிழக்கு நெட்டாங்கு 78.03 பாகையிலும் அமைந்திருக்கிறது. சென்னை விமான நிலையம் 12.99, 80.17 பாகைகளில் இருக்கிறது. வடக்கு நோக்கிய வேறுபாடு 4.27 பாகை, நம் பகுதியில் ஒரு பாகை அகலாங்கு ஏறத்தாழ 110.6 கிலோமீட்டர் என்பதால் அது 472 கிலோமீட்டராகிறது. கிழக்கு நோக்கிய வேறுபாடு 2.14 பாகை, நெட்டாங்குக் கோடுகள் துருவத்தை நோக்கி நெருங்குவதால் இங்கே ஒரு பாகைக்கு ஏறத்தாழ 109.3 கிலோமீட்டர் மட்டுமே கிடைக்கும், அதன்படி அது 234 கிலோமீட்டர். இவ்விரண்டையும் செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களாகக் கொண்டு பிதாகரஸ் தேற்றப்படி கர்ணத்தைக் கண்டால் 527 கிலோமீட்டர், அதாவது ஏறத்தாழ 284 கடல் மைல் வரும். அந்தக் கோட்டை நிலப்படத்தில் இழுத்துப் பார்த்தால் அது காரைக்குடி, புதுக்கோட்டை, தஞ்சாவூர் ஆகிய ஊர்களை ஒட்டிச் சென்று செங்கல்பட்டுக்கு அருகே சென்னையை நெருங்குவதைக் காணலாம். நெல்லையிலிருந்து சென்னைக்குச் செல்லும் ரயிலோ கோவில்பட்டி, மதுரை, திருச்சி, விழுப்புரம் வழியாக ஏறத்தாழ 650 கிலோமீட்டர் ஓட வேண்டியிருக்கிறது.

நீண்ட பயணங்களில் இந்த எளிய கணக்கு பொய்த்துவிடும். தட்டையான நிலப்படமும் கண்ணை ஏமாற்றும். சென்னையிலிருந்து லண்டன் ஹீத்ரோவுக்கு வழக்கமான சுவர்ப்படத்தில் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு, அந்த ஒரே திசையில் விலகாமல் பறந்தால் ஏறத்தாழ 8,480 கிலோமீட்டர் போக வேண்டியிருக்கும். பெருவட்டத்தில் பறந்தால் 8,235 கிலோமீட்டர்தான். ஆனால் படத்தில் அந்தப் பாதை வடக்கே வில்போல் வளைந்து, சுற்றுவழி போலத் தோன்றும். ஓர் உருண்டை நிலக்கோளத்தில் இரண்டு ஊர்களுக்கும் இடையே நூலை இழுத்துப் பிடித்தால், வளைந்ததாகத் தோன்றிய வழியே குறுகியது என்பது விளங்கிவிடும்.

ஒரு பாகைக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற அளவு இந்த மண்ணிலேயே நடந்து அளந்து பெறப்பட்டது என்பதை இங்கு நினைவுகூர வேண்டும். 1802 ஏப்ரல் 10 அன்று நில அளவையாளர் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலைக்கும் பெரும்பாக்கத்துக்கும் இடையே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீள அடிக்கோட்டை 100 அடிச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். அந்த ஒரு கோட்டின் நீளத்தைத் துல்லியமாக அறிந்துகொண்டு, மற்ற இடங்களைக் கோணங்களால் மட்டுமே முக்கோணம் முக்கோணமாகக் கணக்கிட்டுச் செல்வதே பெரும் முக்கோண அளவைப் பணியின் முறை. குமரிப் பகுதியிலிருந்து இமயமலை அடிவாரம்வரை நீண்ட அந்த நெட்டாங்கு வில்லின் பணியை அவருக்குப் பின் வந்த ஜார்ஜ் எவரெஸ்ட் 1841இல் முடித்தார். துருவங்களில் பூமி சற்றுத் தட்டையாக இருப்பதால் தெற்கே ஒரு பாகையின் நீளம் குறைவாகவும் வடக்கே கூடுதலாகவும் இருப்பதை அந்த அளவீடுகள் காட்டின. அவற்றிலிருந்து எவரெஸ்ட் வகுத்த கோளவுருவே இந்தியாவின் நிலப்படங்களுக்கு நெடுங்காலம் அடிப்படையாக இருந்தது. இன்று உலக விமானப் போக்குவரத்து முழுவதும், 1998 முதல், டபிள்யூ.ஜி.எஸ். 84 என்ற ஒரே பொது அளவைப் பயன்படுத்துகிறது. வாகைகுளத்திலிருந்து சென்னைக்குப் புறப்படும் விமானம் போய் இறங்கும் மீனம்பாக்கமோ, லாம்டன் சங்கிலியை விரித்த பரங்கிமலையின் பக்கத்திலேயே இருக்கிறது.

கணக்கில் வரும் 527 கிலோமீட்டரையே விமானம் பறப்பதில்லை. வானத்திலும் வகுக்கப்பட்ட வழித்தடங்கள் உண்டு. ஒவ்வொரு வழித்தடமும் வழிப்புள்ளிகள் எனப்படும், ஐந்தெழுத்துப் பெயர் சூட்டப்பட்ட கற்பனை இடங்களைக் கோத்துச் செல்வது. முன்பு தரையில் நிறுவிய வானொலிக் கலங்கரைகளின் மேலாக ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவித்தான் விமானங்கள் சென்றன. செயற்கைக்கோள் வழிகாட்டல் வந்தபின் வழித்தடங்கள் நேராகிக்கொண்டு வருகின்றன. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமும் இந்திய விமான நிலையங்கள் ஆணையமும் சேர்ந்து உருவாக்கிய ககன் என்ற அமைப்பு, ஜி.பி.எஸ். காட்டும் இடத்தில் உள்ள பிழையைத் திருத்தி விமானங்களுக்கு அனுப்புகிறது. 2022 ஏப்ரலில் ராஜஸ்தானின் கிஷன்கட்டில் ஏ.டி.ஆர். 72 என்ற வகை உந்துசுழலி விமானம் ஒன்று ககனின் துணையுடன் இறங்கியது. தென் முனையில் இந்தத் திருத்தம் எளிதன்று. காந்த நிலநடுக்கோடு இப்பகுதியின் வழியே செல்வதால், தரையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேலுள்ள அயனி மண்டலம் இங்கே கொந்தளிப்பு மிகுந்தது. அதை ஊடுருவி வரும் செயற்கைக்கோள் அலைகள், குறிப்பாகச் சூரியன் மறைந்தபின், தடுமாறுகின்றன. பாளையங்கோட்டையை அடுத்த கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் அமைந்திருப்பதற்கும் இந்த இட அமைப்பே காரணம்.

ஓடுபாதையின் திசையும் பறக்கும் தூரத்தைக் கூட்டுகிறது. ஓடுபாதையின் முனைகளில் எழுதப்பட்டிருக்கும் எண்கள், காந்த வடக்கிலிருந்து அது நோக்கும் கோணத்தின் பத்தில் ஒரு பங்கைக் குறிப்பவை. வாகைகுளத்தின் ஓடுபாதை 10, 28 எனவும், சென்னையின் முதன்மை ஓடுபாதை 07, 25 எனவும் எண்ணிடப்பட்டவை. இரண்டுமே ஏறத்தாழ கிழக்கு மேற்காகக் கிடக்கின்றன. விமானம் காற்றை எதிர்த்து எழும்பினால்தான், காற்றை எதிர்த்து இறங்கினால்தான் குறைந்த தரை வேகத்தில், குறைந்த நீளத்தில் காரியம் முடியும். ஆகவே தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது, வடகிழக்கே இருக்கும் சென்னைக்குப் போக வேண்டிய விமானம் முதலில் திருநெல்வேலியை நோக்கி மேற்கே எழும்பி, பிறகு வலப்புறம் திரும்பித் தன் வழியைப் பிடிக்கிறது. சென்னையிலும் அதே கதைதான்: தெற்கிலிருந்து வரும் விமானம் நகரத்தைத் தாண்டிக் கடற்பக்கம் சென்று, மேற்கு நோக்கித் திரும்பி 25ஆம் எண் ஓடுபாதையில் இறங்க வேண்டும். அந்த நேரத்தில் இறங்குவதற்கு வரிசையில் விமானங்கள் காத்திருந்தால், வானிலேயே வட்டமடிக்க நேர்ந்து இன்னும் பல கிலோமீட்டர் கூடும்.

சில வேளைகளில் வானமே மூடப்பட்டுவிடும். 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்பரப்பை இந்திய நிறுவனங்களின் விமானங்களுக்கு மூடியபோது, டெல்லியிலிருந்து ஐரோப்பா செல்லும் வழிகள் நீண்டன. அரபிக்கடலின் மேலாகச் செல்லும் திருவனந்தபுரம் வளைகுடா வழித்தடங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. ராக்கெட்டுகளும் நேர்வழியை விட்டு விலக வேண்டியிருக்கிறது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கு நோக்கி ஏவப்படும் ராக்கெட் இலங்கைக்கு மேல் பறக்காதபடி கிழக்கே ஒதுங்கி வளைந்து செல்வதால் எரிபொருள் வீணாகிறது. தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28 அன்று இரண்டாவது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டதன் முக்கியக் காரணம், அங்கிருந்து தெற்கே திறந்த கடல் மட்டுமே இருக்கிறது என்பதுதான்.

தூரத்திலிருந்து நேரத்துக்கு வந்தால் கணக்கு மேலும் நுட்பமாகிறது. பயணச்சீட்டில் அச்சிடப்படுவது பறக்கும் நேரம் அன்று. நிறுத்துமிடத்தில் சக்கரங்களுக்கு முட்டாக வைத்த கட்டைகளை எடுத்து விமானம் நகரத் தொடங்கும் கணத்திலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் மீண்டும் கட்டை வைக்கும் கணம்வரை உள்ள முழு நேரத்தையே அட்டவணைகள் கணக்கில் கொள்கின்றன. விமானத் துறையினர் அதை பிளாக் டைம் என்பர். தரையில் ஊர்ந்து ஓடுபாதைக்குச் செல்வது, அங்கே முறைக்காகக் காத்திருப்பது, மேலேறுவது, சீராகப் பறப்பது, இறங்குவது, மீண்டும் ஊர்ந்து நிறுத்துமிடம் சேர்வது என அனைத்தும் அதில் அடங்கும்.

வாகைகுளத்தில் நெடுங்காலம் 1,350 மீட்டர் நீள ஓடுபாதையே இருந்ததால், குறைந்த நீளத்தில் எழும்பக்கூடிய உந்துசுழலி விமானங்கள் மட்டுமே அங்கு வந்துபோக முடிந்தது. அவ்வகையைச் சேர்ந்த ஏ.டி.ஆர். 72 மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் வேகத்தில் செல்வது. அந்த வேகத்தில் 527 கிலோமீட்டரைக் கடக்க 63 நிமிடம் போதும் என்றாலும், அட்டவணை ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஒதுக்குகிறது. மீதி நிமிடங்கள் முழு வேகம் எட்டாத கட்டங்களுக்கும் தரையில் ஊர்வதற்கும் உரியவை. திருவனந்தபுரத்திலிருந்து சென்னைக்கு நேர்கோட்டுத் தூரம் 612 கிலோமீட்டர்; ஆயினும் அங்கிருந்து ஜெட் விமானங்கள் இயங்குவதால் அந்தக் கூடுதல் தூரத்தை ஏறத்தாழ அதே நேரத்தில், சில வேளைகளில் அதற்கும் குறைவாகவே கடந்துவிடுகின்றன. நேர்கோட்டிலும் சாலையிலும் தள்ளியிருக்கும் நிலையத்திலிருந்து பறக்கும் நேரம் குறைவாக அமைவது இவ்வாறுதான்.

2025 ஜூலை 26 அன்று தூத்துக்குடியில் புதிய முனையம் திறந்து வைக்கப்பட்டது. ஓடுபாதையும் 3,115 மீட்டராக நீட்டிக்கப்பட்டு, ஏர்பஸ் ஏ321 போன்ற ஜெட் விமானங்கள் இறங்கத் தகுந்ததாயிற்று. இதனால் சென்னைப் பயண நேரம் பாதியாகிவிடும் என்று எண்ணுவது பிழை. பதினோரு கிலோமீட்டர் உயரத்தில் மணிக்கு 830 கிலோமீட்டர் வேகம் எட்டும் ஜெட், 527 கிலோமீட்டர் முழுவதையும் அதே வேகத்தில் பறந்தால் 38 நிமிடம் ஆகும், ஏ.டி.ஆரைவிட 25 நிமிடம் மிச்சம். ஆனால் அவ்வளவு உயரம் ஏறவும் அங்கிருந்து இறங்கவுமே இவ்வழியின் பெரும்பகுதி செலவாகிவிடுவதால், உண்மையில் மிஞ்சுவது கால் மணி நேரத்தைச் சற்றே தாண்டலாம். ஜெட்டின் வேகம் முழுப் பயன் தருவது நீண்ட வழிகளில்தான். நீளமான ஓடுபாதையின் பெரிய ஆதாயம், கூடுதல் பயணிகளை ஏற்றுவதிலும் டெல்லி போன்ற தொலைவூர்களை நேரடியாக இணைக்க இடமளிப்பதிலும் இருக்கிறது.

காற்று இந்தக் கணக்கில் மேலும் ஒரு திருத்தத்தைக் கொண்டுவருகிறது. காற்றுக்கு ஒப்ப விமானத்தின் வேகம் ஒன்று, தரைக்கு ஒப்ப அதன் வேகம் வேறொன்று. பின்னிருந்து வீசும் காற்று தரை வேகத்தைக் கூட்டும், எதிர்க்காற்று குறைக்கும். போகும்போது இழந்ததை வரும்போது காற்று ஈடுகட்டிவிடும் என்று தோன்றலாம். அது முற்றிலும் சரியன்று. மணிக்கு 500 கிலோமீட்டர் வேக விமானத்துக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் பின்காற்று அமைந்தால் 527 கிலோமீட்டரை 57 நிமிடம் 30 விநாடியில் கடக்கும். எதிர்க்காற்றில் 70 நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். காற்றில்லாத நாளைவிடப் போய்வரும் மொத்த நேரம் ஒரு நிமிடத்துக்கு மேல் கூடிவிடுகிறது. எதிர்க்காற்றில் விமானம் மெதுவாகச் செல்வதால் அதன் பிடியில் அதிக நேரம் இருக்க நேர்வதே காரணம். தென்னிந்தியாவின் மேலே தென்மேற்குப் பருவகாலத்தில், விமானங்கள் பறக்கும் மட்டத்திலும் அதற்கு மேலும், கிழக்கிலிருந்து மேற்காக வலுவான காற்றோட்டம் ஒன்று பாய்கிறது. வெப்பமண்டலக் கீழைக் காற்றோடை எனப்படும் இதை 1950களில் ஆராய்ந்து உலகுக்கு விளக்கியவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோடீஸ்வரம். குளிர்காலத்தில் வட இந்தியாவின் மேல் வீசுவதோ மேற்கிலிருந்து கிழக்காகப் பாயும் ஓடை. ஒரே வழித்தடத்துக்குப் பருவத்துக்குப் பருவம் விமான நிறுவனங்கள் நேரத்தை மாற்றி அட்டவணை போடுவதற்கு இவையும் காரணம்.

வளைகுடா நாடுகளில் வேலை செய்யும் நெல்லை, குமரி மாவட்டத்தினரின் குடும்பங்களுக்குப் பழகிப்போன இன்னொரு குழப்பமும் உண்டு. திருவனந்தபுரத்திலிருந்து துபாய்க்குப் பெருவட்டத் தூரம் ஏறத்தாழ 2,950 கிலோமீட்டர்; பயணம் ஏறத்தாழ நான்கு மணி நேரம். பயணச்சீட்டில் புறப்பாடும் சேர்க்கையும் அந்தந்த ஊரின் நேரப்படியே குறிக்கப்படும். துபாய் இந்தியாவைவிட ஒன்றரை மணி நேரம் பின்தங்கியது. காலை 10 மணிக்குப் புறப்பட்டவர் பகல் 12.30க்கு இறங்குவதாகச் சீட்டு காட்டும்போது பயணம் இரண்டரை மணி நேரமே போலவும், பிற்பகல் 2 மணிக்கு அங்கிருந்து கிளம்பியவர் இரவு 7.30க்கு வந்துசேரும்போது ஐந்தரை மணி நேரம் போலவும் தோன்றும். இரண்டிலும் விமானம் பறந்தது அதே நான்கு மணி நேரம்தான்.

இத்தனை திருத்தங்களுக்குப் பிறகும், களக்காட்டிலிருந்து சென்னை செல்பவரின் பயணத்தில் விமானத்துக்குரிய பங்கு சிறியதே. வாகைகுளம் சேர ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம், புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே பதிவு முகப்பு மூடப்பட்டுவிடும் என்பதால் காத்திருப்பில் ஒன்றரை மணி நேரம், விமானத்தில் ஒன்றரை மணி நேரம், இறங்கிப் பெட்டியை எடுத்துக்கொண்டு நகருக்குள் வீடு சேர ஒன்றரை மணி நேரம் என மொத்தம் ஆறு மணி நேரத்தைத் தாண்டும் கணக்கில், உண்மையில் வானில் செல்வது ஏறத்தாழ ஒரு மணி நேரம் மட்டுமே. 2023 செப்டம்பர் 24 முதல் ஓடும் வந்தே பாரத் ரயில் நெல்லையிலிருந்து சென்னை எழும்பூருக்கு 7 மணி 50 நிமிடத்தில் செல்கிறது. களக்காட்டிலிருந்து நெல்லை சேரும் நேரத்தையும் எழும்பூரிலிருந்து வீடு சேரும் நேரத்தையும் கூட்டினாலும், விமானத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு நான்கு மணி நேரத்துக்குள் சுருங்கிவிடுகிறது.

ஆகையால் அருகில் உள்ள விமான நிலையம் எது என்ற கேள்விக்கு நிலப்படம் தருவது பாதி விடைதான். சென்னை செல்பவருக்கு வாகைகுளமும், நேரடி விமானம் இருப்பதால் துபாய் செல்பவருக்கு மலைக்கு அப்பாலுள்ள திருவனந்தபுரமும் அருகில் அமைகின்றன. உந்துசுழலி விமானத்துக்குப் பதில் ஜெட் வருவதால் கிடைக்கும் கால் மணி நேரத்தை, களக்காட்டிலிருந்து விமானப் புறப்பாட்டு நேரங்களுக்கு ஒத்து ஓடும் ஒரு நேரடிப் பேருந்தாலும் தந்துவிட முடியும். வானில் உள்ள 527 கிலோமீட்டரை யாராலும் குறைக்க இயலாது. தரையில் செலவாகும் ஏறத்தாழ ஐந்து மணி நேரத்தைக் குறைப்பது மனிதர் கையில் இருக்கிறது.